ஆம்ப் போட்டபின் கேட்கும் விசில் சத்தம்

காரில் ஆம்ப் (ஸ்பீக்கருக்குப் போகும் ஒலியைப் பெருக்கும் பெட்டி) போட்டபின் ஸ்பீக்கரில் விசில் கேட்கிறது, ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க சத்தமும் ஏறுகிறது, என்ஜினை அணைத்தால் நின்றுவிடுகிறது என்கிறீர்கள். அப்படியானால் அது ஆல்டர்னேட்டர் விசில்தான், அதாவது என்ஜின் ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்யும் கருவியிலிருந்து வரும் இரைச்சல். ஆம்பை மாற்றக் கிளம்பிவிடாதீர்கள்.

ஆம்பை அணைத்து, ஸ்டீரியோவிலிருந்து ஆம்புக்கு ஒலியைக் கொண்டுவரும் இரண்டு ஆர்சிஏ ஒயர்களையும் ஆம்பிலிருந்து உருவிவிட்டு, என்ஜினை ஓடவிட்டு ஆம்பை மட்டும் மறுபடி ஆன் செய்யுங்கள். சத்தம் அப்படியே இருந்தால் கோளாறு ஆம்பின் எர்த் (வண்டியின் பாடியோடு இணையும் நெகட்டிவ் ஒயர்) அல்லது பவர் பக்கம். நின்றுவிட்டால் ஆர்சிஏ ஒயரிலோ ஸ்டீரியோவிலோ.

எர்த்தை சீட் போல்ட்டில் மாட்டியிருக்கிறார்களா பாருங்கள். அவசர வேலையில் அதுதான் நடக்கும். அடியில் பெயின்ட் இருப்பதால் பிடிப்பு சரியாக இருக்காது. பாடித் தகட்டில் ஒரு ரூபாய் நாணய அளவுக்குப் பெயின்டைச் சுரண்டி, தகடு பளபளத்ததும் ரிங் டெர்மினலை (ஒயர் நுனியில் உள்ள உலோக வளையத்தை) வைத்து இறுக்குங்கள். எர்த் ஒயர் ஆம்பின் பாசிட்டிவ் ஒயரின் அதே கனத்தில், ஒன்றரை அடிக்குள் இருக்கட்டும். துருப்பிடிக்காமல் மேலே கொஞ்சம் கிரீஸ்.

ஆர்சிஏ பக்கம் என்றால், அந்த ஒயரும் பவர் ஒயரும் ஒரே பக்கமாகப் போகின்றனவா பாருங்கள். ஒன்றை வண்டியின் மறுபக்கம் மாற்றுங்கள். அப்படியும் போகவில்லையா? ஆர்சிஏ பிளக்கின் வெளிவளையத்தை ஒரு துண்டு ஒயரால் ஸ்டீரியோவின் உலோக உடம்போடு தொடவைத்துப் பாருங்கள். சத்தம் அடங்கினால், ஸ்டீரியோவுக்குள் ஆர்சிஏ எர்த் பாதை அறுந்திருக்கிறது.

ஆம்பில் உள்ள கெயின் திருகி, ஸ்டீரியோவிலிருந்து வரும் சிக்னலுக்கு ஆம்பைப் பொருத்துவதற்கு; அது வால்யூம் அல்ல. முழுக்கத் திருகியிருந்தால் குறையுங்கள். ஆர்சிஏ ஒயரின் நடுவே மாட்டி இரைச்சலைத் தடுக்கும் ஐசொலேட்டர் கடைசி வழி, மலிவானது பேஸை விழுங்கிவிடும்.