உடல் பருமன் மூளையையும் பாதிக்குமா?

கேள்வி: ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டம். அம்மா கொழுந்து எடுப்பதை விட்டு நான்கு வருஷம். எடை ஏறிவிட்டது, இப்போது மறதியும். இரண்டுக்கும் தொடர்புண்டா?

இருக்கலாம். உடம்பில் சேரும் கொழுப்பு சும்மா தொங்கும் மூட்டை அல்ல, அது ஹோர்மோன் சுரக்கிறது. 1994இல் கண்டுபிடிக்கப்பட்ட லெப்டின் அதில் ஒன்று. "கையிருப்பு போதும், சாப்பாட்டைக் குறை" என்று மூளையில் பசியைக் கவனிக்கும் ஹைப்போதலாமஸ் பகுதிக்குச் சொல்வது அதன் வேலை. கொழுப்பு கூடினால் லெப்டினும் கூடும். ஆனால் மூளை அதைக் காதில் வாங்காது. காலையில் வேலைக்குக் கூப்பிடும் பெரட்டுத் தப்பை ஓயாமல் அடித்தால் யார் எழும்புவார்கள்? அந்தக் கதைதான். ஆகவே பசி அடங்காததை வெறும் வாய்ருசி என்று திட்டாதீர்கள்.

மறதிக்கு வேறு வழிகளும் உண்டு. பருமனோடு வரும் பிரஷரும் சீனி வருத்தமும் (நீரிழிவு) மூளையின் நுண்ணிய இரத்தக் குழாய்களைக் கெடுக்கும். நடுவயதுப் பருமன் பிற்கால மறதிநோய் அபாயத்தைக் கூட்டுகிறது. பலத்த குறட்டை, இடையில் மூச்சு நின்று திணறல் இருந்தால் தூக்கம் கெட்டு ஞாபகமும் குறையும். இதை நம் வீடுகளில் யாரும் நோயாகவே எடுப்பதில்லை.

ஆனாலும் எடைமேல் மட்டும் பழி போடாதீர்கள். தைரொயிட் குறைவு, பி12 குறைவு, மனச்சோர்வு ஆகியவையும் மறதி தரும். கிளினிக்கில் முதலில் அவற்றைப் பாருங்கள். அப்புறம் சாப்பாடு: மலை ஏறி இறங்கிய காலத்து ரொட்டியும் சீனி போட்ட தேத்தண்ணியும் அதே அளவில் தொடர்கிறதா என்று கவனியுங்கள்.