வெளிநாட்டுப் பண்டிகைகளால் நம் அடையாளம் போய்விடுமா? ஓசூர்க்காரனின் பதில்

கேள்வி சுருக்கமாக இது: கேட்டவரின் அடுக்குமாடிக் குடியிருப்பில் அக்டோபர் 31 வந்தால் ஹாலோவீன். பிள்ளை படிக்கும் பள்ளியில் டிசம்பரில் கிறிஸ்துமஸ் தாத்தா. ஜனவரி 1 நள்ளிரவில் கோயில் வாசலில் வரிசை. பிப்ரவரியில் காதலர் தினம். “இப்படியே போனால் இருபது வருஷத்தில் நாம் யார் என்றே தெரியாமல் போய்விடாதா?”

இந்த நான்கால் போகாது என்பது என் கருத்து. எனக்கும் பயம் உண்டு, ஆனால் அது வேறு திசையில்.

முதலில் அந்தப் பட்டியலிலிருந்து கிறிஸ்துமஸை எடுத்துவிடுங்கள். முத்துக்குளித்துறைப் பரதவர்கள் கிறிஸ்தவத்துக்கு வந்தது 1530களில். கிட்டத்தட்ட ஐந்நூறு வருஷம் ஆகிறது. தூத்துக்குடி பனிமய மாதாவுக்குத் தங்கத் தேர் இருக்கிறது, வடம் பிடித்துத்தான் இழுக்கிறார்கள். வேளாங்கண்ணிக்குக் காவி கட்டிப் பாதயாத்திரை போகிறார்கள், மொட்டை போடுகிறார்கள், ஆகஸ்ட் 29 அன்று கொடியேற்றுகிறார்கள். இதை வெளிநாட்டுப் பண்டிகை என்று எழுதினால் தூத்துக்குடிக்காரர் யாராவது உங்களிடம் சண்டைக்கு வருவார், நானும் அவர் பக்கம்தான் நிற்பேன். பள்ளியில் பஞ்சுத் தாடி ஒட்டிக்கொண்டு மிட்டாய் கொடுப்பது தனி சமாசாரம். அது அட்மிஷன் காலத்துக்கு முந்தைய போட்டோவுக்காக நடப்பது.

மீதியில் காதலர் தினத்தை எடுத்துக்கொள்வோம். அதைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. எங்கள் வீட்டில் அது விவசாயம்.

ஓசூர் பக்கம் பாகலூர், பேரிகை, தளி என்று எந்தச் சாலையில் போனாலும் வெள்ளை பாலித்தீன் போர்த்திய பசுமைக்குடில்கள் தெரியும். உள்ளே பெரும்பாலும் ரோஜா. சிவப்புக்குத் தாஜ்மகால், வெள்ளைக்கு அவலாஞ்ச், மஞ்சளுக்கு கோல்டு ஸ்டிரைக், ரோஸ் நிறத்துக்கு நோப்ளஸ். என் சித்தப்பாவுக்கு இங்கிலீஷ் படிக்க வராது, ஆனால் இந்தப் பெயர்களைத் தெலுங்கு, கன்னடம், தமிழ் மூன்றிலும் கலந்து விலை பேசுவார். டிசம்பர் முதல் பாதியில் செடியைக் கவாத்து பண்ணி, தளிரை ஒடித்துவிட்டால் ஜனவரிக் கடைசியில் மொட்டு சரியாக வந்து நிற்கும். அந்த ஒன்றரை மாதமும் பனிதான் எதிரி. காலையில் இலையில் ஈரம் நின்றால் டவுனி என்ற பூஞ்சை நோய் வந்துவிடும். பிறகு மொட்டுக்கு வலைக் குல்லாய் மாட்டுவது, காம்பு நீளத்தை அளந்து பிரிப்பது, இருபது இருபதாகக் கட்டி அட்டையில் சுற்றுவது, குளிர்ந்த அறையில் தண்ணீரில் நிறுத்துவது என்று பெண்கள் இருட்டும்வரை வேலை பார்ப்பார்கள். பெங்களூரு விமான நிலையம் பக்கத்தில் இருப்பதால் சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா, ஐரோப்பா என்று பூ போகும்.

பிப்ரவரி 14 என்றால் சித்தப்பாவுக்கு ஒரு காரியமும் கிடையாது. “பத்தாம் தேதிக்குள்ள போனாத்தான் பூ. பதினாலாம் தேதி வர்ற பூ மாட்டுக்குத்தான்” என்பார். அவருக்கும் காதலுக்கும் உள்ள சம்பந்தம் அவ்வளவே.

இப்போது கேள்விக்கு வருகிறேன். இந்தத் தேதி நம்மிடமிருந்து எதைத் தள்ளிவிட்டு வந்தது? காதலிப்பவர்கள் வெளியே தெரிய ஒரு பூ கொடுத்துக்கொள்ளும் நாள் என்று நம் காலண்டரில் எதுவும் இருந்ததில்லை. காலியாக இருந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது, 90களில் வாழ்த்து அட்டைக் கடைகளும் தொலைக்காட்சியும் நாற்காலி போட்டுக் கொடுத்தன. நமக்கும் காதல் விழா இருந்ததே, காவிரிப்பூம்பட்டினத்தில் இந்திர விழா 28 நாள் நடந்ததாக மணிமேகலை சொல்கிறதே என்று சிலர் கேட்பார்கள். நடந்தது. அதை நிறுத்தியது வெளிநாட்டான் இல்லை. மகனைக் காணாத துக்கத்தில் சோழன் விழாவை மறந்தான், கடல் ஊரைக் கொண்டது என்று அதே காப்பியம்தான் சொல்கிறது.

எதிர்ப்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்றும் பாருங்கள். தமிழ்நாட்டில் வருஷா வருஷம் நாய்க்கும் கழுதைக்கும் தாலி கட்டிப் போராட்டம். பூங்காவில் உட்கார்ந்திருக்கும் ஜோடியிடம் “கல்யாணம் பண்ணிக்கோ” என்று மிரட்டல். 2023இல் இந்திய விலங்குகள் நல வாரியம் பிப்ரவரி 14ஐப் பசுக்களைக் கட்டிப்பிடிக்கும் நாளாகக் கொண்டாடச் சொல்லி அறிக்கை விட்டது. ஊரே சிரித்தது. 10ஆம் தேதியே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். மாடு வளர்ப்பவர் யாரையாவது முன்கூட்டிக் கேட்டிருந்தால், பழக்கமில்லாத ஆளைப் பசு எப்படி வரவேற்கும் என்று சொல்லியிருப்பார்.

இதே மாதிரியான கவலை நூறு வருஷத்துக்கு முன்னால் இன்னொருவருக்கும் வந்தது. அவர் செய்தது வேறு.

ஜனவரி 1 அன்று வெள்ளைக்காரத் துரை வீட்டுக்கு மாலையும் பழமும் எடுத்துக்கொண்டு போய் வாழ்த்துச் சொல்லி நிற்பது அன்றைய உத்தியோகஸ்தர்களின் வழக்கம். லீவு நாள் வேறு. வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் இதைப் பார்த்தார். மைசூர் அரண்மனையில் சமையல் வேலை பார்த்துவிட்டுத் துறவியானவர், திருப்புகழை ஊர் ஊராகப் பாடிப் பரப்பியவர். அவர் புத்தாண்டைக் கொண்டாடாதே என்று சொல்லவில்லை. சாதாரணத் துரையைப் பார்க்கப் போவதற்குப் பதில் பெரிய துரையைப் பார்க்கப் போவோம் என்று ஆட்களைத் திருத்தணிக்கு அழைத்துப் போனார். 1917 டிசம்பர் 31. மலைக்கு 365 படி, வருஷத்து நாளுக்கு ஒன்று. படிக்குப் படி கற்பூரம் ஏற்றி, திருப்புகழ் பாடி, மேலே போய்ச் சேரும்போது புது வருஷம். அதுதான் திருத்தணி திருப்படித் திருவிழா. இன்றும் டிசம்பர் 31 அன்று பஜனைக் கோஷ்டிகள் பல ஊர்களிலிருந்து வந்து அந்தப் படிகளில் பாடிக்கொண்டு ஏறுகின்றன. கூட்டத்தில் நிற்பவரிடம் இது இங்கிலீஷ் வருஷப் பிறப்பாச்சே என்று சொன்னால் உங்களைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்.

ஒரு நூற்றாண்டு கழித்து, 2017 டிசம்பரில், ஆந்திராவில் அறநிலையத் துறை தரப்பிலிருந்து கோயில்களுக்குச் சுற்றறிக்கை போனது: நம் புத்தாண்டு உகாதிதான், ஜனவரி 1க்கு அலங்காரச் செலவு செய்யாதீர்கள் என்று. வாதம் தப்பில்லை. ஆனால் அதைப் படித்துவிட்டு அன்று ராத்திரி பக்தன் என்ன செய்வது என்பதற்கு அதில் பதில் இல்லை. சுவாமிகள் ஏற ஒரு படியும் பாட ஒரு பாட்டும் கொடுத்தார். வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். போகட்டும், நம் புத்தாண்டு எது என்பதில் நாமே தெளிவில்லை. 2008இல் தை முதல் நாள் என்று சட்டம் போட்டார்கள், 2011இல் அதை ரத்து செய்து மறுபடி சித்திரைக்கே வந்தார்கள். இரண்டு தரப்பும் இன்னும் வாழ்த்து அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறது. இதில் ஜனவரி 1க்கு எந்தப் பங்கும் இல்லை.

சரி, எனக்கு எதைக் கண்டு பயம்?

எங்கள் ஊர்ப் பூவுக்கு இப்போது காதலர் தினத்தைவிட முகூர்த்த நாள்தான் பெரிய கிராக்கி. மேடை முழுக்க ரோஜா வேண்டும் என்கிறார்கள், வெளிநாட்டுக்கு அனுப்புவதைவிட உள்ளூரில் விற்பதே லாபம் என்று சொல்லும் விவசாயிகள் எங்கள் பக்கம் நிறைய. அப்படிப் பூ இறக்கப் போன ஒரு மண்டபத்தில்தான், நெருங்கிய சொந்தத்திலேயே, ஹல்தி என்ற வடநாட்டுக் கல்யாண மஞ்சள் சடங்கைப் பார்த்தேன். மஞ்சள் திரை, செண்டுமல்லி ஊஞ்சல், வந்தவர்கள் அத்தனை பேரும் மஞ்சள் உடுப்பு, இந்திப் பாட்டு. அத்தை ஒருத்தர் நலங்குத் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓரமாக நின்றார். அருகம்புல், எண்ணெய், மஞ்சள், சந்தனம், ஆரத்தி எல்லாம் தயார். போட்டோகிராபர் பையன், “ஆன்ட்டி, கொஞ்சம் தள்ளிக்குங்க, ஃபிரேம்ல வர்றீங்க” என்றான். அத்தை தள்ளிக்கொண்டார்.

நலங்கும் ஹல்தியும் பார்க்க ஒன்றுதானே, இரண்டும் மஞ்சள் பூசுவதுதானே என்று கேட்கலாம். சிக்கலே அதுதான். நலங்கில் அருகம்புல்லை எண்ணெயில் தொட்டுப் பாதம், முழங்கால், தோள், தலை என்று வைப்பார்கள். யார் முதலில், யார் அடுத்து என்று வரிசை உண்டு. தாய்மாமன் வீட்டாருக்கு ஓரிடம், அத்தை முறைக்கு ஓரிடம். கேலிப்பாட்டு பாட ஒரு பாட்டி இருப்பார், மாப்பிள்ளை வீட்டை நாறடித்துவிட்டுத்தான் உட்காருவார். அந்த வரிசை யாருக்குத் தெரியுமோ அவர் சொல்வதுதான் அன்றைக்குச் சட்டம். ஹல்தியில் வரிசையை ஈவென்ட் நடத்துபவர் சொல்கிறார். அதே மஞ்சள், அதே முந்தின நாள், அதே நேரம். ஒரு சாயங்காலத்தில் இரண்டுக்கும் இடமில்லை, அதனால் ஒன்று போய்விடுகிறது. இதை யாரும் அந்நியக் கலாசாரம் என்று கத்துவதில்லை, ஏனென்றால் கடல் தாண்டி வரவில்லை. வடக்கே இருப்பவர்களுக்கு ஹல்தி அவர்கள் பாட்டி சொல்லிக்கொடுத்த சடங்கு, அங்கே அது அழகாகத்தான் இருக்கும். அவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

தேதி பிறந்தநாளுக்குக் கேக் வெட்டுவதும் வெளியிலிருந்து வந்ததுதான். ஆனால் நட்சத்திரத்தன்று கோயிலில் அர்ச்சனை, தேதியன்று மெழுகுவர்த்தி என்று இரண்டையும் வைத்துக்கொண்ட வீடுகள் எத்தனை! நாள் வேறு, இடம் வேறு, ஆள் வேறு என்பதால் இரண்டும் நிற்கின்றன. தூரத்திலிருந்து வருவது இப்படித் தனக்கென்று ஒரு மூலையைப் பிடித்துக்கொள்ளும். நம்முடையதைப் போலவே இருப்பதுதான் நம்முடையதன் இடத்திலேயே வந்து உட்காரும்.

அட்சய திருதியைக்கு நகைக்கடை வாசலில் விடியற்காலையில் நிற்கும் கூட்டமும் இந்த வகைதான். நாள் பழையது, நகைக்கடை வரிசை என் பாட்டிக்குத் தெரியாதது. ‘நம்முடையது’ என்ற லேபிள் இருப்பதால் கேள்வி கேட்பாரில்லை. விளம்பரக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

கடைசியாக உங்கள் குடியிருப்பு ஹாலோவீன். அது எனக்கும் பிடிக்கவில்லை, ரசனை அளவில்தான். எலும்புக்கூடு ஸ்டிக்கர் ஒட்டிய வாசலில் இரண்டாம் நாள் மாக்கோலம் வந்துவிடும், அது எதையும் தள்ளவில்லை. பிள்ளை முகமூடி போட்டுக்கொண்டு சாக்லேட் வாங்கப் போகட்டும். சங்கத்துக் கூட்டத்தில் இதற்காகச் சண்டை போட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். அந்த நேரத்தில் உங்கள் அம்மாவையோ பெரியம்மாவையோ உட்காரவைத்து, நலங்கு வரிசையையும் அந்தக் கேலிப்பாட்டுகளையும் போனில் பதிவு செய்யுங்கள். உங்கள் பக்கத்து முறை எங்கள் பக்கத்திலிருந்து வேறாகத்தான் இருக்கும். ஞாபகம் இருப்பதைக் கீழே எழுதினால் நானும் படிப்பேன்.