சிறு குழந்தைகளைக் கால்பந்து ஆட்டத்துக்கு அழைத்துச் செல்வது: கேள்வி பதில்

வேலூரில் உடற்கல்வி ஆசிரியராக 31 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். முதலில் மாணவர்களையும், பிறகு என் மகளையும், இப்போது பேரப் பிள்ளைகளையும் உள்ளூர் மைதானங்களுக்கும் சென்னைக்கும் ஆட்டம் பார்க்க அழைத்துச் சென்ற பழக்கத்தில் தெரிந்துகொண்டவற்றைச் சொல்கிறேன். மருத்துவமும் டிக்கெட் விலையும் என் துறை அல்ல.

கேள்வி (சத்துவாச்சாரி, ஒரு தாய்): மகனுக்கு 4 வயது. பந்து என்றால் உயிர். சென்னையின் எஃப்.சி. அணியின் ஆட்டத்தை நேரில் காட்ட ஆசைப்படுகிறோம். அழைத்துப் போகலாமா?

பதில்: போகலாம் அம்மா, ஆனால் அது அவன் பார்க்கும் முதல் ஆட்டமாக இருக்க வேண்டாம். காட்பாடியிலிருந்து சென்னை சென்ட்ரல் ஏறத்தாழ 130 கிலோமீட்டர். விரைவு ரயிலிலும் இரண்டு மணி நேரம் ஆகிவிடும். இரவு 7.30 மணிக்குத் தொடங்கும் ஆட்டம், பதினைந்து நிமிட இடைவேளையும் சேர்த்து, 9.20 மணியைத் தாண்டித்தான் முடியும். நேரு விளையாட்டரங்கம் சென்ட்ரலுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது என்றாலும், கூட்டத்திலிருந்து வெளியே வந்து, ரயில் பிடித்து, வீடு சேரும்போது நள்ளிரவைக் கடந்திருக்கும். நான்கு வயதுப் பிள்ளையின் உடம்பு அதைத் தாங்கினாலும், மறுநாள் அவன் நினைவில் ஆட்டத்தைவிட அழுகைதான் மிஞ்சும்.

முதலில் நம் ஊரில் நடக்கும் கல்லூரி ஆட்டத்தையோ மாவட்ட அளவிலான போட்டியையோ காட்டுங்கள். கோட்டுக்கு நான்கடி தள்ளி நிற்கும் குழந்தைக்கு, பந்தில் கால் படும் ‘தொப்’ என்ற ஓசை கேட்கும். ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவது கேட்கும். சறுக்கி விழுந்தவரின் முழங்காலில் ஒட்டிய செம்மண்ணை அவனால் பார்க்க முடியும். பெரிய அரங்கின் மேல் வரிசையில் இவற்றில் ஒன்றும் கிடைக்காது.

ஆட்டம் தொடங்க முக்கால் மணி நேரம் முன்பே போய்விடுங்கள். இரண்டு அணிகளும் உடல் சூடேற்றும் அந்த நேரம்தான் சிறு குழந்தைக்கு மிகப் பிடித்த பகுதி, ஏனென்றால் அப்போது மைதானத்தில் ஒரு பந்துக்குப் பதில் பத்துப் பந்துகள் இருக்கும். முழு ஆட்டத்தையும் பார்த்தே தீர வேண்டும் என்று நினைக்காதீர்கள். எழுபதாவது நிமிடத்தில் எழுந்து வந்துவிட்டால் வாயில் நெரிசலும் இருக்காது, குழந்தையும் சலித்திருக்க மாட்டான்.

கேள்வி (குடியாத்தம்): மைதானத்தில் எந்தப் பக்கம் உட்காருவது நல்லது, ஐயா?

பதில்: கோல் கம்பத்துக்குப் பின்னால் மட்டும் வேண்டாம். இதை நான் எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். பந்தின் எடை 410 முதல் 450 கிராம் வரை. வளர்ந்த ஆட்டக்காரர் ஓங்கி உதைத்தால் மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேலும் அது பறக்கும். உள்ளூர் மைதானங்களில் பல நேரம் கோலுக்கு வலையே இருக்காது, அல்லது கிழிந்த வலை இருக்கும்.

என் மகளுக்கு ஐந்து வயதானபோது, ஓர் இறுதி ஆட்டத்தில், கோலை நன்றாகப் பார்க்கட்டும் என்று அவளை அங்கேதான் உட்கார வைத்திருந்தேன். கையில் வேர்க்கடலைப் பொட்டலம். கம்பத்தை உரசி வந்த பந்து அந்தப் பொட்டலத்தில் பட்டது. கடலை நாலாபக்கமும் சிதறியது. கூம்பாகச் சுற்றிய தாளின் நுனி மட்டும் அவள் விரல்களுக்கு நடுவே இருந்தது. அரையடி மேலே வந்திருந்தால் முகம். அவள் அழவில்லை, என்னைத்தான் பார்த்தாள். அன்றிலிருந்து நடுக்கோட்டுக்கு நேராக, பக்கவாட்டில், இரண்டாவது மூன்றாவது வரிசையில்தான் குழந்தைகளை உட்கார வைக்கிறேன்.

கேள்வி (ஆம்பூர்): தாரை தப்பட்டை, பட்டாசு எல்லாம் இருக்கும். காதில் பஞ்சு வைத்தால் போதுமா?

பதில்: போதாது. பஞ்சு ஒலியைக் குறைப்பது மிகச் சொற்பம். பெரியவர்களுக்கே 85 டெசிபல் ஒலியை ஒரு நாளில் எட்டு மணி நேரத்துக்கு மேல் கேட்கக் கூடாது என்பது பொதுவான வரம்பு. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகக் குறையும். 100 டெசிபல் என்றால் கால் மணி நேரம்தான். தப்பட்டையும் ஊதுகுழலும் சேர்ந்த கூட்டத்தின் நடுவில் அந்த அளவு எளிதில் வந்துவிடும். தலைக்கு மேலாக மாட்டும், குழந்தைகளுக்கான காது மூடி கடைகளில் கிடைக்கிறது. வாங்கிய அன்றே மாட்டாமல், இரண்டு நாள் வீட்டில் விளையாட்டாக மாட்டிப் பழக்கினால், மைதானத்தில் பிடுங்கி எறிய மாட்டார்கள். மேளக்காரர்களிடமிருந்து தள்ளி உட்காருவது அதைவிடவும் நல்லது.

கேள்வி (இராணிப்பேட்டை): என் மகளுக்கு 3 வயது. எந்த வயதில் அழைத்துப் போகலாம்?

பதில்: சத்துவாச்சாரித் தாய்க்குச் சொன்னதேதான்: முதலில் உள்ளூர் ஆட்டம். மூன்று வயதுக்கு ஒரு பாதி மட்டும் போதும்.

கேள்வி (அரக்கோணம், முன்னாள் மாவட்ட ஆட்டக்காரர்): மாஸ்டர், எழுபதாவது நிமிடத்தில் எழுந்து போகச் சொல்லியிருக்கிறீர்கள். இதை நான் ஏற்க மாட்டேன். இறுதி விசில் வரை உட்காருவது ஆடுபவனுக்குத் தரும் மரியாதை. பாதியில் எழுந்து போவதைப் பார்த்து வளரும் பிள்ளை, தோற்கும்போது தானும் பாதியில் விடத்தான் கற்றுக்கொள்வான்.

பதில்: ஆடியவரின் வலி எனக்குப் புரிகிறது. ஆனால் நான்கு வயதுக் குழந்தை ஸ்கோரைப் பார்த்து எழுந்து போவதில்லை. தூக்கம் வந்து எழுந்து போகிறது. அந்தக் குழந்தையைப் பிடித்து உட்கார வைத்தால், மைதானம் என்றாலே கட்டிப்போடும் இடம் என்று அது நினைத்துக்கொள்ளும்.

கேள்வி (வாலாஜா): அரக்கோணத்து அண்ணன் சொல்வதுதான் சரி. பாதியில் எழுந்து போவதுதான் ஆபத்தும் கூட. ஸ்காட்லாந்தில் முன்னதாகக் கிளம்பியவர்கள் கடைசி நிமிடக் கோலின் சத்தம் கேட்டுத் திரும்பி ஓடியதால்தானே அத்தனை பேர் இறந்தார்கள்?

பதில்: இந்தக் கதை பல ஆண்டுகளாகச் சொல்லப்படுகிறது, ஆனால் அது தவறு. 1971 ஜனவரி 2 அன்று கிளாஸ்கோ நகரின் ஐப்ராக்ஸ் அரங்கில் ரேஞ்சர்ஸும் செல்டிக்கும் ஆடின. கடைசி நிமிடங்களில் செல்டிக் ஒரு கோல் அடித்தது, உடனே ரேஞ்சர்ஸ் சமன் செய்தது. வெளியே வரும் பதின்மூன்றாம் எண் படிக்கட்டில் நெரிசல் ஏற்பட்டு 66 பேர் இறந்தார்கள். சிறுவர்களும் அவர்களில் உண்டு. திரும்பி ஓடியவர்களால் நேர்ந்தது என்பதை விசாரணை ஏற்கவில்லை. எல்லோரும் ஒரே திசையில், கீழ்நோக்கித்தான் இறங்கிக்கொண்டிருந்தார்கள். முன்னால் யாரோ தடுக்கி விழ, அதை அறியாமல் பின்னால் வந்தவர்கள் மேன்மேலும் இறங்கியதால் நேர்ந்தது அது. தந்தையின் தோளிலிருந்த குழந்தை விழுந்ததுதான் தொடக்கம் என்றும் அப்போது பேசப்பட்டது, அது உறுதியாகவில்லை. உறுதியாகாவிட்டாலும், படிக்கட்டில் குழந்தையைத் தோளில் ஏற்றாதீர்கள் என்று நான் சொல்வதற்கு அதுவே காரணம். மார்போடு அணைத்துத் தூக்குங்கள், ஒரு கை கைப்பிடிக் கம்பியில் இருக்கட்டும்.

ஆக, ஆபத்து முன்னதாகக் கிளம்புவதில் இல்லை. எல்லோரும் கிளம்பும் அந்தப் பத்து நிமிடத்தில் இருக்கிறது. 2022 அக்டோபர் 1 அன்று இந்தோனேசியாவின் கஞ்சுருகான் அரங்கில் 135 பேர் இறந்ததும் இறுதி விசிலுக்குப் பிறகுதான். காவல்துறை கண்ணீர்ப்புகை வீச, மக்கள் குறுகிய வாயில்களில் மோதினார்கள். அங்கும் குழந்தைகள் இறந்தார்கள்.

கேள்வி (அரக்கோணம், மீண்டும்): அப்படியானால் கூட்டம் போகும்வரை உட்கார்ந்தே இருந்தால் என்ன? முழு ஆட்டமும் பார்த்தாற்போலாகும், நெரிசலும் இராது. மேலும் 1989இல் இங்கிலாந்தின் ஹில்ஸ்பரோ அரங்கில் நெரிசல் நடந்தது ஆட்டத்தின் தொடக்கத்தில் அல்லவா?

பதில்: இரண்டும் சரி. ஹில்ஸ்பரோவில் ஆட்டம் ஆறாவது நிமிடத்தில் நிறுத்தப்பட்டது. 97 பேர் உயிரிழந்தார்கள். முக்கால் மணி நேரம் முன்னதாகப் போகச் சொன்னதில் இந்தக் காரணத்தையும் நான் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். உட்கார்ந்தே இருப்பது பற்றி நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். ஆறு வயதுக்கு மேற்பட்ட, விழித்திருக்கும் பிள்ளையாக இருந்தால், விசிலுக்குப் பிறகு இருபது நிமிடம் இருக்கையிலேயே இருங்கள். ஆட்டக்காரர்கள் காலரிப் பக்கம் வந்து கை தட்டுவார்கள். தோற்ற அணியும் வரும். அதைப் பார்க்கும் பிள்ளைக்கு நீங்கள் விரும்பும் மரியாதையும் தானே வரும். நான் எழுபதாவது நிமிடம் என்றது சின்னஞ்சிறு குழந்தைகளுக்கும், ரயிலைப் பிடிக்க வேண்டிய வெளியூர்க்காரர்களுக்கும். இரண்டில் எதைத் தேர்ந்தாலும், விசில் ஊதிய அந்தப் பத்து நிமிடத்தில் மட்டும் குழந்தையோடு வாயிலில் நிற்காதீர்கள்.

கேள்வி (திருப்பத்தூர்): இரட்டைப் பிள்ளைகள், 5 வயது. எந்த வயதில் அழைத்துப் போகலாம் என்று சொல்லுங்கள்.

பதில்: மூன்றாவது முறையாக வரும் கேள்வி. மேலே உள்ள பதில்களைப் படித்துவிட்டுக் கேளுங்கள். இரட்டையர் என்பதால் ஒன்று மட்டும் கூட்டிச் சொல்கிறேன்: ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர் வேண்டும். ஒருவராக இருவரையும் அழைத்துப் போகாதீர்கள்.

கேள்வி (காட்பாடி): மகனுக்கு லேசான காய்ச்சல். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு அழைத்துப் போகலாமா?

பதில்: மருத்துவரைக் கேளுங்கள். ஆட்டம் அடுத்த வாரமும் நடக்கும்.

கேள்வி (பேரணாம்பட்டு): இங்கே இரவு விளக்கில் செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து) போட்டி நடக்கிறது. சவுக்குக் கட்டையில் காலரி கட்டியிருக்கிறார்கள். அதில் குழந்தையோடு ஏறலாமா?

பதில்: வேண்டாம். 2022 மார்ச்சில் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் செவன்ஸ் ஆட்டத்துக்குக் கட்டிய தற்காலிகக் காலரி சரிந்து ஏராளமானோர் காயமடைந்தார்கள். கயிற்றுக் கட்டு இறுக்கமாக இருக்கிறதா, கட்டை மண்ணில் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதெல்லாம் மேலே ஏறுபவருக்குத் தெரியாது. கோல் விழும்போது நூறு பேர் ஒரே நேரத்தில் குதிப்பார்கள். அந்த அதிர்வை எண்ணித்தான் அஞ்சுகிறேன். பாய் கொண்டுபோய், பக்கவாட்டில், தரையில் உட்காருங்கள். செவன்ஸ் மைதானம் சிறியது, ஆட்டம் வேகமானது, குழந்தைக்கு முழு மைதானத்தைவிட அதுதான் பிடிக்கும், போகாமல் இருந்துவிடாதீர்கள்.

கேள்வி (வாணியம்பாடி): கழிப்பறையும் தண்ணீரும்தான் என் கவலை.

பதில்: நியாயமான கவலை. இடைவேளை விசிலுக்குக் காத்திராமல், நாற்பதாவது நிமிடத்திலேயே அழைத்துப் போய் வந்துவிடுங்கள். பெரிய அரங்குகளில் தண்ணீர் பாட்டிலை வாயிலிலேயே வாங்கி வைத்துவிடுவது வழக்கம் என்பதால், உள்ளே நுழையும் முன் குழந்தையை வயிறு நிறையக் குடிக்க வையுங்கள். நம் ஊர்க் கத்திரி வெயிலில் நான்கு மணி ஆட்டத்துக்கு அழைத்துப் போகவே வேண்டாம். மே மாதத்தில் வேலூரில் 40 டிகிரியைத் தாண்டுவது புதிதல்ல.

கேள்வி (ஆற்காடு): டிக்கெட் எவ்வளவு இருக்கும்? எந்த வயது வரை இலவசம்?

பதில்: ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும், டிக்கெட் விற்கும் இடத்தில் கேளுங்கள். ரயிலில் 5 வயது நிறையாத குழந்தைக்குக் கட்டணமில்லை.

கேள்வி (வேலூர், ஓட்டேரி): 8 வயது மகளை அழைத்துப் போனால், பெண் பிள்ளைக்கு எதற்கு என்கிறார்கள் வீட்டுப் பெரியவர்கள்.

பதில்: மதுரையின் சேது எஃப்.சி. மகளிர் அணி 2019இல் இந்திய மகளிர் லீக்கை வென்றது. கடலூர்ப் பெண் இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கு ஆடியவர். இதை வீட்டில் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் மறுத்தால், பாட்டியையும் சேர்த்தே அழைத்துப் போங்கள். என் மாணவி ஒருத்தியின் பாட்டி அப்படி வந்தவர். முதல் கோலுக்கு எழுந்து நின்றவர் இடைவேளை வரை உட்காரவில்லை.

கேள்வி (அதே ஓட்டேரியிலிருந்து): நன்றி ஐயா. மகள் உங்களிடம் கேட்கச் சொல்கிறாள்: கோல்கீப்பர் மட்டும் ஏன் வேறு நிறச் சட்டை போடுகிறார்?

பதில்: இன்று வந்த கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், கண்ணு. கோல் முன்னால் இருபது கால்கள் முட்டி மோதும்போது, பந்தைக் கையால் தொட்டது யார் என்று நடுவருக்கு ஒரு நொடியில் தெரிய வேண்டும். தன் பெனால்டி பகுதிக்குள் கையால் தொட உரிமை உள்ளவர் கோல்கீப்பர் ஒருவரே. அதனால் அவர் சட்டை இரண்டு அணிகளின் சட்டையிலிருந்தும், நடுவரின் சட்டையிலிருந்தும் வேறுபட வேண்டும் என்பது விதி. இரண்டு கோல்கீப்பர்களும் ஒரே நிறத்தில் வந்து, மாற்றிக்கொள்ள இருவரிடமும் வேறு சட்டை இல்லை என்றால், நடுவர் ஆட்டத்தை அப்படியே நடத்துவார். அடுத்த ஆட்டத்துக்குப் போகும்போது முதல் ஐந்து நிமிடம் பந்தைப் பார்க்காமல், கோல்கீப்பரை மட்டும் பார். பந்து எதிர்முனையில் இருக்கும்போது அவர் எங்கே நிற்கிறார், எவ்வளவு முன்னால் வருகிறார் என்று பார்த்துவிட்டு எனக்கு எழுது.