கண் மருத்துவமனையை ஃபண்டுக்கு விற்கலாமா?

கேள்வி: ஈரோட்டில் நானும் மனைவியும் 20 வருடமாகக் கண் மருத்துவமனை நடத்துகிறோம். ஒரு பெரிய செயின் 70 சதவீதப் பங்கு கேட்கிறது. பின்னால், நிறுவனங்களில் பங்கு வாங்கி விற்கும் பிரைவேட் ஈக்விட்டி ஃபண்ட் இருக்கிறதாம். எபிட்டாவுக்கு 10 மடங்கு விலை என்கிறார்கள். ஒத்துக்கொள்ளலாமா?

பதில்: 10 மடங்கு சரி, எதற்கு 10 மடங்கு? இங்கேதான் பல டாக்டர்கள் கோட்டை விடுகிறார்கள். உங்கள் எபிட்டா, அதாவது வட்டி, வரி, தேய்மானம் கழிப்பதற்கு முந்தைய லாபம், 2 கோடி என்று வைத்துக்கொள்வோம். இருவரும் சம்பளம் எடுக்காமல் லாபத்தை எடுத்துக்கொண்டிருப்பீர்கள். விற்ற பிறகு சம்பளம் வேண்டுமே? ஆளுக்கு 40 லட்சம் கழித்தால் மிச்சம் 1.2 கோடிதான். கட்டடத்தை உங்கள் பெயரிலேயே வைத்துக்கொண்டால் (வைத்துக்கொள்ளுங்கள்) வாடகையும் கழியும். வாடகையை விட்டுவிட்டாலே, மனக்கணக்கில் இருந்த 20 கோடி 12 கோடியாகிறது; அதில் 70 சதவீதம், 8.4 கோடி.

அதையும் மொத்தமாகத் தர மாட்டார்கள். ஒரு பகுதியை இரண்டு மூன்று வருட இலக்கோடு முடிந்து வைப்பார்கள். அந்த இலக்கை எபிட்டாவில் வைக்க விடாதீர்கள். தலைமை அலுவலகச் செலவில் ஒரு பங்கை உங்கள் கணக்கில் ஏற்றினால் போதும், இலக்கு எட்டாது. கண்புரை ஆபரேஷன் எண்ணிக்கையிலும் வேண்டாம். காரணம் உங்களுக்கே தெரியும்: தேவையில்லாதவருக்கும் ஆபரேஷன் செய்யத் தூண்டும். மொத்த வசூலில் வைக்கச் சொல்லுங்கள்.

அப்புறம், மீதி 30 சதவீதம். ஃபண்ட் சில வருடங்களில் விற்றுவிட்டு வெளியேறத்தான் வருகிறது. டாக்டர் அகர்வால்ஸ் கண் மருத்துவமனை செயினில் டெமாசெக் 2019இலும் டிபிஜி 2022இலும் முதலீட்டாளர்களாக வந்தன. 2025 பிப்ரவரியில் நிறுவனம் பங்குச் சந்தைக்கு வந்தது. திருச்சியில் பிறந்த வாசன் கண் மருத்துவமனையிலும் செக்கோயா, ஜிஐசி என்ற முதலீட்டு நிறுவனங்களின் பணம் இருந்தது. அது திவால் நடவடிக்கைக்குப் போய், கடைசியில் ஏஎஸ்ஜி என்ற இன்னொரு கண் மருத்துவமனை செயின் கைக்கு மாறியது. தாய் நிறுவனமே சந்தைக்கு வந்தாலும், உங்கள் பங்கு ஈரோட்டுத் துணை நிறுவனத்தில் இருந்தால் தானாகக் காசாகாது. எந்த வருடம், எந்தக் கணக்கில் அதை வாங்கிக்கொள்வார்கள் என்று இப்போதே எழுதி வாங்குங்கள்.

"போட்டியாக கிளினிக் திறக்கக் கூடாது" என்ற ஷரத்து கோர்ட்டில் நிற்காது என்று நண்பர்கள் சொல்வார்கள். வேலையை விட்டுப் போகும் டாக்டருக்கு அது பொருந்தும். குட்வில்லை, அதாவது தொழிலின் நற்பெயரை, விற்றவருக்கு அப்படியில்லை: ஒப்பந்தச் சட்டம் 27ஆம் பிரிவிலேயே விதிவிலக்கு இருக்கிறது, நியாயமான எல்லைக்குள் உங்களைக் கட்டுப்படுத்தலாம். அதனால் எத்தனை கிலோமீட்டர், எத்தனை வருடம் என்று பேரம் பேசிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பிள்ளைகள் யாராவது கண் மருத்துவம் படிக்கிறார்களா? அவர்களைத் தடுக்கும் வாசகம் ஒப்பந்தத்தில் இருந்தால் அடிக்கச் சொல்லுங்கள்.