மருத்துவர் பதில்கள்: மாத்திரை போட்டும் குறையாத தைராய்டு

கேள்வி: எனக்கு வயது 41. மாட்டுத்தாவணி பூச்சந்தையில் பூக் கட்டும் வேலை. விடியற்காலை 3 மணிக்கு எழுந்து, காபியோடு தைராய்டு மாத்திரையையும் இரும்புச்சத்து மாத்திரையையும் சேர்த்துப் போட்டுக்கொண்டு கிளம்புவேன். உடம்பு தேறியதாகத் தோன்றியதால் இடையில் இரண்டு மாதம் நிறுத்தியும் பார்த்தேன். இப்போது டி.எஸ்.எச். அளவு 11 என்று வந்திருக்கிறது. சித்திரை வெயிலிலும் மின்விசிறியை நிறுத்தச் சொல்கிறேன், எப்போதும் அசதி. வீட்டில் சோம்பேறி என்கிறார்கள். என் 19 வயது மகளுக்கும் இது வருமா?
– வாசகி, ஒத்தக்கடை

பதில்: இது சோம்பேறித்தனம் அல்ல, அம்மா. வீட்டில் அப்படிச் சொல்பவர்களுக்கு இந்தப் பதிலைப் படித்துக் காட்டுங்கள். கழுத்தின் முன்பக்கம் குரல்வளைக்குச் சற்றுக் கீழே இருக்கும் தைராய்டு சுரப்பியின் ஹார்மோன் குறையும்போது, உடல் வெப்பம் உண்டாக்குவது குறைந்து குளிர்கிறது. குடல் மந்தமாகி மலச்சிக்கல் வருகிறது. தோல் வறண்டு, முடி கொட்டி, மாதவிடாய்ப் போக்கு அதிகமாகிறது. மனம் சோர்ந்து, மறதி கூடி, யாரிடமும் பேசப் பிடிக்காமல் போவதும் இதனால் வரலாம் என்பது பலருக்குத் தெரியாததால், பெண்கள் நோயோடு பழியையும் சேர்த்துச் சுமக்கிறார்கள்.

டி.எஸ்.எச். என்பது மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி தைராய்டுக்கு அனுப்பும் ஏவல். கூப்பிட்டும் வராதவரை உரக்கக் கூப்பிடுவதுபோல, தைராய்டு மந்தமானால் அந்த ஏவல் கூடுகிறது. பெரியவர்களுக்குப் பொதுவாக ஏறத்தாழ 0.4 முதல் 4.5 வரை இருக்க வேண்டியது உங்களுக்கு 11 ஆக இருப்பது, மருந்து போதுமான அளவு உடலில் சேரவில்லை என்பதையே காட்டுகிறது.

சேராததற்குக் காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. காபி இந்த மருந்து குடலில் உறிஞ்சப்படுவதைக் குறைக்கிறது. இரும்புச்சத்தோ மருந்தோடு பிணைந்து அதை வீணாக்கிவிடுகிறது. எழுந்தவுடன் வெறும் தண்ணீரில் தைராய்டு மாத்திரையை மட்டும் போடுங்கள். காபியை ஒரு மணி நேரம் கழித்து, சந்தைக்குப் போன பிறகு குடியுங்கள். இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்த வேண்டாம், ஏனெனில் இரத்தசோகையும் அதே அசதியைத்தான் தரும். அதை மதியமோ இரவோ, குறைந்தது 4 மணி நேர இடைவெளி விட்டுப் போடுங்கள். கால்சியம் மாத்திரைக்கும் இதே இடைவெளி வேண்டும். மருந்தின் அளவைக் கூட்டுவதற்கு முன், இதுவரை எப்படிப் போட்டீர்கள் என்பதை உங்கள் மருத்துவரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். முறையைத் திருத்தி 6 முதல் 8 வாரம் கழித்துப் பார்த்தால்தான் சரியான அளவு தெரியும். முடி கொட்டுவதற்காகப் பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிட்டால் அதையும் சொல்லிவிடுங்கள், அது பரிசோதனை முடிவைப் பிறழச் செய்யும்.

இடையில் நிறுத்தியதுதான் எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. மாத்திரையில் உள்ள தைராக்ஸின் ஹார்மோன் உடலில் பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகும் என்பதால், நிறுத்திய முதல் சில நாட்களில் எந்த வித்தியாசமும் தெரியாது. அந்தத் தெம்பு அதற்கு முன் போட்ட மாத்திரையின் மிச்சம். முட்டைக்கோஸ் தைராய்டுக்கு ஆகாது என்று பயமுறுத்துவார்கள். வேகவைத்து அளவாகச் சாப்பிடலாம்.

இந்தக் குறைபாட்டுக்கு, உடலின் எதிர்ப்பாற்றலே தைராய்டைத் தாக்குவது ஒரு முக்கியக் காரணம். அது குடும்பத்தில் தொடரக்கூடியது, பெண்களிடமே அதிகம் காணப்படுவது. உங்கள் மகளுக்கு வந்தே தீரும் என்பதில்லை. ஆனால் கழுத்தில் வீக்கம், மாதவிடாய் ஒழுங்கின்மை, காரணமில்லாத அசதி ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் இப்போதே பரிசோதியுங்கள். ஒன்றும் இல்லாவிட்டாலும், திருமணமாகிக் கருவுறத் திட்டமிடும் நேரத்தில் அவசியம் பார்த்துவிட வேண்டும், ஏனெனில் முதல் சில மாதங்களில் கருவின் மூளை வளர்ச்சிக்குத் தாயின் தைராய்டு ஹார்மோனே ஆதாரம்.