இரண்டு கட்டடங்களில் உள்ள பி.எல்.சி.களை வயர்லெஸ்ஸில் இணைப்பது எப்படி?

திருப்பூரில் சாயப்பட்டறை பி.எல்.சி.யையும் (இயந்திரங்களை இயக்கும் தொழிற்சாலைக் கணினி), 300 மீட்டர் தள்ளியுள்ள சுத்திகரிப்பு நிலையத்து பி.எல்.சி.யையும் கேபிள் இழுக்காமல் இணைக்கணும், நடுவில் தென்னந்தோப்பு. இதுதானே கேள்வி?

தாராளமாக முடியும். வீட்டு ரௌட்டர் வேண்டாம். 5.8 கிகாஹெர்ட்ஸ் வெளிப்புற ரேடியோ ஒரு ஜோடி வாங்கி, டிரான்ஸ்பரன்ட் பிரிட்ஜ் மோடில் (நடுவில் கேபிள் இருப்பதுபோல் தரவை அப்படியே கடத்தும் முறை) போடுங்கள். பி.எல்.சி.கள் பேசிக்கொள்ளும் மொழிகளில், மோட்பஸ் டி.சி.பி. சாதாரண கிளையன்ட் மோடிலும் ஓடிவிடும், ஆனால் மேக் முகவரியை (ஒவ்வொரு கருவிக்கும் உள்ள வன்பொருள் எண்) நம்பி ஓடும் புரோஃபிநெட் மக்கர் பண்ணும்.

உண்மையான தலைவலி தென்னைதான். எதிர் ஆன்டெனா கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. பாதி தூரத்தில் நேர்கோட்டைச் சுற்றி ஃபிரெனல் மண்டலத்தின் (ரேடியோ அலை பரவிச் செல்லும் இடம்) ஆரம் சுமார் 2 மீட்டர். அதில் 60 சதவீதமாவது காலியாக இருக்கணும். இல்லையென்றால் ஆடிக் காற்றில் மட்டை ஆடும்போதெல்லாம் லிங்க் விட்டு விட்டு வரும். கம்பத்தை உயர்த்துங்கள். முடியாதென்றால், தொட்டி லெவலும் பம்ப் ஆன்-ஆஃபும் மட்டும் போதுமானால், உரிமம் தேவைப்படாத 865–867 மெகாஹெர்ட்ஸ் சீரியல் ரேடியோவில் மோட்பஸ் ஆர்.டி.யு. (சீரியல் இணைப்புக்கான மோட்பஸ்) ஓட்டலாம். வேகம் குறைவு, ஆனால் இலைதழையைச் சமாளிக்கும்.

புரோகிராமில் நொடிக்கொருமுறை மாறும் ஹார்ட்பீட் எண் ஒன்று (லிங்க் உயிரோடு இருக்கிறது என்பதற்கு அடையாளம்) அனுப்புங்கள். 5 நொடி மாறாவிட்டால் பம்ப் தானாக நிற்கணும். இதை விட்டால், லிங்க் போன பிறகும் கடைசி மதிப்பையே பிடித்துக்கொண்டு பம்ப் ஓடும், தொட்டி வழியும். எமர்ஜென்சி ஸ்டாப்பை மட்டும் இந்த லிங்க்கில் விடாதீர்கள். இரு முனையிலும் மின்னல் போன்ற திடீர் மின்னழுத்த எழுச்சியைத் தடுக்கும் சர்ஜ் அரெஸ்டர், முறையான எர்த் கட்டாயம்.