தாத்தா பாட்டி தோட்டத்துப் பூச்செடியை நினைவாக எடுத்துவந்து வளர்த்தவர்கள் உண்டா? பிழைத்ததா?

உண்டு. பிழைத்தது, செத்தது, மறுபடி பிழைத்தது.

நீங்கள் கேட்பதைப் பார்த்தால் ஊர் வீட்டை விற்கும் பேச்சு நடக்கிறது என்று நினைக்கிறேன். அப்படியென்றால் பத்திரப் பதிவுக்கு முன்பே போய் வெட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். அப்புறம் கேட் பூட்டியிருக்கும்.

என்னுடையது மல்லி இல்லை, டிசம்பர் பூ. வாசனையே கிடையாது. "அதைப் போயா?" என்று சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம். திண்டுக்கல் பக்கம் எங்கள் அப்பத்தா வீட்டுக் கிணற்றடியில் வேலி மாதிரி நின்றது, ஊதாவும் வெள்ளையும். பனிக் காலத்தில் மல்லி வரத்து குறைந்து விலை எகிறும்; மதுரையில் கிலோ 3000 ரூபாயைத் தாண்டிய நாளெல்லாம் உண்டு. இது பூப்பது சரியாக அந்த நேரத்தில். "மல்லி இருக்கப்பட்டவுகளுக்கு, இது நமக்கு" என்று அப்பத்தா சொல்லும். (எங்கள் பக்கம் 'சொல்லும்' என்றால் மரியாதைக் குறைவு இல்லை. யாரும் திருத்த வேண்டாம்.)

விடிந்ததும் பறிக்கும். முள்ளு முள்ளாக இருக்கும் பச்சை உறையைச் செடியிலேயே விட்டுவிட்டுப் பூவை மட்டும் உருவ வேண்டும், மென்மையான பூ, அழுத்தினால் கசங்கிவிடும். ஈர வாழைநாரில் இரண்டு ஊதா, இரண்டு வெள்ளை என்று நெருக்கிக் கட்டி எங்கள் மூன்று பேருக்கும் வைத்துவிட்டு, மிச்சத்தைத் தெருவில் கொடுத்தனுப்பும். தாத்தா நான் பிறக்கும் முன்பே இறந்துவிட்டார். அதனால் அப்பத்தா தலையில் நான் ஒரு நாளும் பூ பார்த்ததில்லை. அது எனக்கு உறைத்ததே அப்பத்தா போன பிறகுதான். பூ வைப்பது நல்லதா கெட்டதா என்று விவாதிக்க வரவில்லை, பார்த்ததைச் சொல்கிறேன்.

2009-ல் அப்பத்தா போய்ச் சேர்ந்தது. பாத்திரம் பிரித்தபோது வெண்கலப் பானை யாருக்கு என்று தொடங்கிய சண்டை இன்னும் ஓயவில்லை. அதை விரிவாக எழுதினால் சொந்தக்காரர்கள் படித்துவிடுவார்கள். நான் ஐந்து குச்சி வெட்டி, ஈரத் துணியில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். மூன்று துளிர்த்தன.

2015 டிசம்பரில் சென்னை தாம்பரம் பக்கம் முடிச்சூரில் தரைத்தள வீட்டில் இருந்தோம். வெள்ளம் வடிந்து திரும்பிப் போனால், மொட்டும் பூவுமாக இருந்த செடி வேரோடு அழுகிக் கிடந்தது. ஃபிரிட்ஜும் பீரோவும் போனதற்கு அழாதவள் அதற்கு அழுதேன். வீடே போனவர்கள் இருக்கும்போது செடிக்கு அழுகையா என்று கேட்காதீர்கள், நானே கேட்டுக்கொண்டேன். ஊரில் போய் எடுக்கலாம் என்றால், அந்த வீடு கைமாறிக் கிணற்றையே மூடிவிட்டிருந்தார்கள்.

கடைசியில் கைகொடுத்தது ஊரில் அப்பத்தாவின் பக்கத்து வீட்டு அத்தை. எப்போதோ அப்பத்தா கொடுத்த குச்சி அவர் கொல்லையில் புதராக நிற்கிறது என்று அம்மா சொன்னாள். ஓடிப்போய் வெட்டிவந்தேன். "குச்சியில் வந்தது அதே செடி ஆகுமா?" என்று ஒருவர் கேட்பார் பாருங்கள். ஆகும். விதையில் முளைப்பதுதான் மாறலாம். தண்டிலிருந்து வேர்விட்டது அச்சு அசல் அதே செடி.

அதனால் நான் சொல்வது, ரொம்ப இளசும் முற்றலும் இல்லாத தண்டாகப் பார்த்து வெட்டுங்கள். கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி நட்டு நிழலில் வையுங்கள். தண்ணீர் தேங்கக் கூடாது. பிடித்ததும் உங்களிடமே வைத்துக்கொள்ளாமல் நாலு வீட்டுக்குக் கொடுங்கள்.

எங்கள் குடியிருப்பில் அதற்கும் வழியில்லை. தொட்டி வைத்தால் மாடி ஒழுகுமாம், சங்கச் செயலாளர் நோட்டீஸ் ஒட்டுகிறார். அவருடைய இரண்டாவது கார் என் இடத்தில் நிற்பதற்கு எந்த நோட்டீஸும் கிடையாது. செடி இப்போது பால்கனி கம்பியில் தொங்குகிறது.

போன மாதம் அத்தை போன் செய்தார். குடிநீர்க் குழாய்க்குக் கொல்லையைத் தோண்டியதில் அவர் செடி போய்விட்டதாம். "பொங்கலுக்கு வரும்போது ரெண்டு குச்சி கொண்டாத்தா. வெள்ளையும் சேத்து."